பார் சார்ட்டில் ஒரு தூண் காணாமல் போகிறது, தமிழ்ப் பெயர்கள் உடைகின்றன: எங்கே தவறு?

பலகாரக்கடை (காரைக்குடி) | சனி, இரவு 9.40

வணக்கம். கல்லுக்கட்டிப் பக்கம் அம்மா பலகாரக்கடை நடத்துகிறார்கள். நான் பி.சி.ஏ. முடித்தவன். பெட்டியடி (கல்லா) நோட்டைப் பார்த்துத் தங்கை எக்செல்லில் ஏற்றுவாள். அதிலிருந்து மாதத்துக்கு ஒரு பார் சார்ட் வருகிற மாதிரி ஒரு பக்கம் செய்து, அம்மா போனில் வைத்துக் கொடுத்தேன். அம்மா அதைத் தூண் என்றுதான் சொல்வார்கள். "இந்த மாசம் தேன்குழல் தூணுதான் உசரம்" என்பார்கள்.

போன மாதச் சார்ட்டில் சீப்புச்சீடைக்குத் தூணே இல்லை. பெயர் கீழே இருக்கிறது, மேலே வெறும் இடம். அம்மா அதைப் பார்த்துவிட்டு, சீடை விற்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, சீடை சுற்ற வரும் இரண்டு அக்காக்களையும் அடுத்த மாதம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சீப்புச்சீடை தெரியாதவர்களுக்கு: மாவை வரி வரியாகப் பிழிந்து, துண்டு போட்டு, ஒவ்வொன்றையும் விரலில் சுற்றி ஒட்ட வேண்டும். எல்லாம் கைவேலை. அந்த இருவருக்கும் ஒரு மாதக் கூலி போய்விட்டது. நோட்டை எடுத்துப் பார்த்தால் 40 கிலோ விற்றிருக்கிறது.

தவறு என் பக்கத்தில்தான். எங்கே என்று தெரியவில்லை. இன்னும் சில தொல்லைகளும் இருக்கின்றன:

போனில் பாதிப் பெயர்கள் வருவதில்லை, ஒன்று விட்டு ஒன்றுதான் வருகின்றன. பெயரைச் சுருக்கினால் எழுத்து உடைகிறது. மாதத்தை மாற்றிய பிறகு தூணைத் தொட்டால் சில நேரம் பழைய மாதத்துத் தூண் வந்து போகிறது. கல்யாண ஆர்டர் தொகைக்கு ஒரு சார்ட் வைத்தேன், அதில் ஒரு தூண் தரையோடு ஒட்டிக் கிடக்கிறது.

யாராவது வழி சொல்லுங்கள்.

---

தேவகோட்டை ரஸ்தா | சனி, இரவு 10.15

தம்பி, நான் பத்து வருடமாக வெப் வேலைதான் செய்கிறேன். முதலில் மூன்று விவரம் வேண்டும். எந்த லைப்ரரி (சார்ட் வரையும் ஆயத்த நிரல்), எந்தப் பதிப்பு? போன மாத எண்கள் என்ன? பிரவுசரில் பிழைச் செய்திகள் வரும் கன்சோலைத் திறந்தால் சிவப்பில் ஏதாவது வருகிறதா? இவை தெரியாமல் சொல்வதெல்லாம் ஊகமாகத்தான் இருக்கும்.

---

பலகாரக்கடை (காரைக்குடி) | சனி, இரவு 10.32

அக்கா, சார்ட் ஜேஎஸ், பதிப்பு 2.9. காலேஜ் புராஜெக்டில் இருந்த ஃபைலை அப்படியே எடுத்துப் போட்டேன். கன்சோலில் ஒன்றும் வரவில்லை.

போன மாதம், கிலோவில்: தேன்குழல் 86, கைமுறுக்கு 74, அதிரசம் 61, மணகோலம் 55, சீப்புச்சீடை 40.

---

தேவகோட்டை ரஸ்தா | சனி, இரவு 11.05

கிடைத்துவிட்டது. சீடைத் தூண் காணாமல் போகவில்லை. உயரம் பூஜ்யமாக நிற்கிறது.

பதிப்பு 2-இல் செங்குத்து அச்சு பூஜ்யத்தில் தொடங்க வேண்டும் என்று நாம் சொன்னால்தான் தொடங்கும். சொல்லாவிட்டால் தரவில் இருக்கும் சிறிய எண்ணையும் பெரிய எண்ணையும் பார்த்து, அந்த இடைவெளியை மட்டும் எடுத்துக்கொள்ளும். உன் எண்களில் சிறியது 40, பெரியது 86. ஐந்து ஐந்தாகப் பிரித்து, 40-இல் தொடங்கி 90-இல் முடித்திருக்கும். இப்போதே சார்ட்டைத் திறந்து இடது ஓரத்தில் அடி எண் என்ன என்று பார். 40 என்று இருக்கும். சீடையும் 40. தரையிலிருந்து தரைக்கு என்ன உயரம் வரும்?

மற்றத் தூண்களும் தவறாகத்தான் இருக்கின்றன, கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். மணகோலம் 55, அதன் தூண் 15 அளவு உயரம். தேன்குழல் 86, அதன் தூண் 46 அளவு உயரம். உண்மையில் தேன்குழல் மணகோலத்தைவிட ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். பார்ப்பதற்கு மூன்று மடங்கு. அம்மா இத்தனை மாதமும் அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள்.

பதிப்பு 2-இலேயே இருப்பதானால், 'ஸ்கேல்ஸ்' உள்ளே 'ஒய்ஆக்ஸஸ்', அதற்குள் 'டிக்ஸ்', அதற்குள் 'பிகின்அட்ஜீரோ' என்பதை 'ட்ரூ' என்று வை. ஒரே வரிதான். ஆனால் புதிய பதிப்புக்கு மாறிவிடு என்பதுதான் என் யோசனை. 2021-இல் வந்த பதிப்பு 3 முதல் பார் சார்ட் தானாகவே பூஜ்யத்தில் தொடங்குகிறது.

அந்த இரண்டு அக்காக்களிடமும் போய்ச் சொல்லிவிட்டாயா?

---

பலகாரக்கடை (காரைக்குடி) | ஞாயிறு, காலை 6.50

அடி எண் 40 தான் அக்கா. இத்தனை நாள் அந்த ஓரத்தை நான் பார்க்கவே இல்லை.

அம்மாவிடம் இரவே சொல்லிவிட்டேன். காலையில் இரண்டு பேர் வீட்டுக்கும் போகிறோம்.

---

புதுவயல் | ஞாயிறு, காலை 8.20

ஒரு மாற்றுக் கருத்து. நான் அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். நெல் ஈரப்பதம் எங்களுக்குப் பெரும்பாலும் 14-க்கும் 17-க்கும் இடையில் ஆடும். பூஜ்யத்தில் தொடங்கினால் எல்லாத் தூணும் ஒரே உயரமாகத் தெரியும், ஒரு பயனும் இல்லை. 13-இல் தொடங்கினால்தான் எந்த லோடு ஈரம் என்று கண்ணுக்குத் தெரியும். அதனால் பூஜ்யத்தில் தொடங்காததே தவறு என்று சொல்ல முடியாது.

---

செக்காலை | ஞாயிறு, காலை 9.10

நான் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். சார்ட் ஜேஎஸ் எனக்குத் தெரியாது, ஆனால் இந்தக் கேள்வி எனக்குத் தெரிந்ததுதான்.

புதுவயல்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவருக்கு வேண்டியது தூண் இல்லை. தூணில் கண் எதைப் பார்க்கிறது? அடியிலிருந்து நுனி வரையுள்ள நீளத்தை. நீளம்தான் அளவு. அடியை வெட்டிவிட்டால் அது அடியில் கட்டை வைத்த படி மாதிரி. அரிசி நிரம்பித்தான் தெரியும், அளவு பொய்.

புள்ளியும் கோடும் அப்படி இல்லை. அங்கே கண் பார்ப்பது இடத்தை: மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா, ஏறுகிறதா, இறங்குகிறதா. அதற்கு 13-இல் தொடங்கலாம், குற்றமில்லை. ஈரப்பதத்துக்குப் புள்ளி வையுங்கள். கிலோவுக்கும் ரூபாய்க்கும் தூண் வையுங்கள், பூஜ்யத்திலிருந்து.

---

புதுவயல் | ஞாயிறு, காலை 9.45

சரி ஐயா, ஒப்புக்கொள்கிறேன். லைன் சார்ட்டாக மாற்றிப் பார்த்தேன். 17-க்கு ஒரு குறுக்குக் கோடும் போட்டேன். அதைத் தாண்டிய லோடு உடனே தெரிகிறது. தூணில் இவ்வளவு தெளிவாக வரவில்லை.

---

பலகாரக்கடை (காரைக்குடி) | ஞாயிறு, மதியம் 2.30

அக்கா, புதிய பதிப்புக்கு மாறினேன். நெட்டிலிருந்து நேரடியாக எடுக்கும் லிங்க்கைப் போட்டேன். இப்போது சீடைத் தூண் நிற்கிறது! ஆனால் நான் வைத்திருந்த எழுத்து அளவு, 'கிலோ' என்ற ஒட்டு எல்லாம் போய்விட்டன. கன்சோலில் 'ஒய்ஆக்ஸஸ்' அமைப்பு செல்லாது என்று சிவப்பில் வருகிறது. மாதத்தை மாற்றினால் சார்ட்டே வரவில்லை, கேன்வாஸ் (சார்ட் வரையப்படும் இடம்) ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று இன்னொரு சிவப்பு வரி.

---

தேவகோட்டை ரஸ்தா | ஞாயிறு, மாலை 4.00

இரண்டும் நல்ல சிவப்பு வரிகள். பதிப்பு 2 வாயே திறக்காமல் தவறாக வரைந்தது. புதியது வாய் திறந்து சொல்கிறது.

முதல் பிழை. பதிப்பு 3-இல் அமைப்பு எழுதும் முறையை மாற்றிவிட்டார்கள். முன்பு 'ஒய்ஆக்ஸஸ்' என்று ஒரு பட்டியல், சதுர அடைப்புக்குள். இப்போது 'ஸ்கேல்ஸ்' உள்ளே வெறும் 'ஒய்', சதுர அடைப்பு கிடையாது. 'பிகின்அட்ஜீரோ' முன்பு 'டிக்ஸ்' உள்ளே இருந்தது, இப்போது நேராக 'ஒய்' உள்ளே. லெஜண்ட், டூல்டிப், டைட்டில் மூன்றும் 'பிளகின்ஸ்' என்பதற்குள் போய்விட்டன. நெட்டில் கிடைக்கும் விடைகளில் பாதி பதிப்பு 2 காலத்தவை. எந்த விடையைப் படித்தாலும் முதலில் 'ஒய்ஆக்ஸஸ்' என்று இருக்கிறதா என்று பார். இருந்தால் அது பழசு.

லிங்க்கில் பதிப்பு எண்ணையும் சேர்த்து எழுது. எண் இல்லாத லிங்க் எப்போதும் கடைசிப் பதிப்பைக் கொண்டுவரும். இன்று சரியாக ஓடுவது, நாளை அவர்கள் புதிதாக வெளியிட்டதும் உன் கை படாமலே கோணலாகிவிடும். இந்தக் காரணத்தால் தீபாவளிக்கு முதல் வாரத்தில் ஒரு வாடிக்கையாளர் பக்கம் விழுந்து, இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். அன்றிலிருந்து எண் எழுதாமல் ஒரு லிங்க்கும் போடுவதில்லை.

இரண்டாம் பிழைதான் உன் பழைய மாதத் தொல்லைக்கும் காரணம். மாதத்தை மாற்றும்போதெல்லாம் அதே கேன்வாஸின் மேல் புதிதாக ஒரு சார்ட்டை உருவாக்குகிறாய். பழையது அழியவில்லை, அடியில் உயிரோடு இருக்கிறது. விரல் பட்டதும் அதுவும் தன்னை வரைந்துகொள்கிறது. பதிப்பு 2 அதை அனுமதித்தது, இப்போது தடுக்கிறது. வழி இரண்டு. புதிது உருவாக்கும் முன் பழைய சார்ட்டை 'டெஸ்ட்ராய்' செய். அல்லது ஒரே சார்ட்டை வைத்துக்கொண்டு, எண்களையும் பெயர்களையும் மட்டும் மாற்றி 'அப்டேட்' செய். உனக்கு இரண்டாவது போதும். தூண் ஏறி இறங்குவதும் அழகாக இருக்கும்.

---

பலகாரக்கடை (காரைக்குடி) | ஞாயிறு, இரவு 8.10

இரண்டும் சரியாகிவிட்டன அக்கா. 'அப்டேட்' வைத்தேன். கல்யாண ஆர்டர் சார்ட் மட்டும் இன்னும் அப்படியே. ஒரு ஆர்டர் 1,20,000, இன்னொன்று 85,000, இன்னொன்று 64,500. ஒரு தூண் தரையில் ஒரு கோடு மாதிரி கிடக்கிறது. அச்சு 90-ஐத் தாண்டவில்லை.

---

ஆத்தங்குடி | ஞாயிறு, இரவு 9.00

தம்பி, நான் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன், என் மகன் இதே பள்ளத்தில் விழுந்தான். எண்ணைப் படிக்க 'பார்ஸ்ஃப்ளோட்' வைத்திருக்கிறாயா என்று பார்.

---

பலகாரக்கடை (காரைக்குடி) | ஞாயிறு, இரவு 9.08

ஆமாம் அண்ணே.

---

ஆத்தங்குடி | ஞாயிறு, இரவு 9.40

அப்படியானால் அதுதான். உன் தங்கை நோட்டில் உள்ளபடி கமா போட்டு ஏற்றியிருப்பாள். எக்செல்லிலிருந்து அது எண்ணாக வராமல் எழுத்தாக வருகிறது. 'பார்ஸ்ஃப்ளோட்' கமாவைக் கண்டதும் நின்றுவிடும். 1,20,000 வெறும் 1 ஆகிவிடும். 85,000 அங்கே 85. 64,500 அங்கே 64. உன் பெரிய ஆர்டர்தான் எல்லாவற்றிலும் சின்னத் தூணாக இருக்கும், பார்.

'நம்பர்' வைத்துப் படித்தால் வேறு மாதிரி கெடும். கமா இருந்தால் அது எண்ணே இல்லை என்று சொல்லிவிடும், தூண் வராது. அதுவாவது பரவாயில்லை, தூண் இல்லாத இடம் உறுத்தும். தவறான தூண் உறுத்தாது. முதலில் எழுத்திலிருந்து கமாவை எல்லாம் நீக்கு, அப்புறம் 'நம்பர்' கொடு.

இன்னொன்று. எக்செல்லில் காலியாக விட்ட கட்டத்தை 'நம்பர்' பூஜ்யம் என்று படிக்கும். கடை அடைத்த நாளும், கடை திறந்தும் விற்காத நாளும் ஒன்றாகிவிடும். எங்கள் பட்டறையில் மழை நாளில் கல் வார்க்க முடியாது. வார்த்த கல் தண்ணீரில் ஊறி, வெயிலில் காய வேண்டும், சூளை எல்லாம் கிடையாது. மழைக்கு நிறுத்திய நாளுக்கும், ஆள் வந்தும் வேலை நடக்காத நாளுக்கும் எனக்கு வித்தியாசம் தெரிந்தாக வேண்டும். அதனால் காலிக் கட்டத்துக்கு 'நல்' (மதிப்பே இல்லை என்ற குறி) கொடு. அங்கே தூண் வராது. அந்த நாளின் பெயருக்குக் கீழே 'விடுமுறை' என்று எழுதிவிடு.

படித்து முடித்த எண்ணைத் திரையில் காட்டும்போது நம் கமா வேண்டும் அல்லவா? சார்ட் அமைப்பில் 'லொக்கேல்' என்று ஒன்று இருக்கிறது. அதில் இந்தியத் தமிழைக் கொடுத்தால் 1,20,000 என்று லட்சக் கமாவோடு வரும். கொடுக்காவிட்டால் பிரவுசர் மொழியைப் பார்க்கும். அமெரிக்க ஆங்கிலம் என்றால் 120,000 என்று காட்டும். என் அப்பச்சி அதைப் பார்த்து நூற்றிருபது என்று வாசித்தார்.

---

பலகாரக்கடை (காரைக்குடி) | ஞாயிறு, இரவு 10.20

அண்ணே, அப்படியே இருந்தது. பெரிய ஆர்டர் 1 என்று உட்கார்ந்திருந்தது. கமாவை நீக்கினேன், மூன்று தூணும் சரியான உயரத்துக்கு வந்துவிட்டன.

இனி பெயர்கள்தான் மீதி.

---

தேவகோட்டை ரஸ்தா | திங்கள், காலை 7.30

பெயர் விஷயத்தை நிதானமாகச் சொல்கிறேன். தமிழில் சார்ட் போடும் எல்லோருக்கும் இது வருகிறது, ஆங்கிலத்தில் எழுதிய விடைகளில் இதற்கு மருந்து இருப்பதில்லை.

பெயர்கள் ஒன்று விட்டு ஒன்று வருவது பிழை இல்லை. இடம் போதாவிட்டால் சார்ட் ஜேஎஸ் சில பெயர்களைத் தானே விட்டுவிடும். 'ஆட்டோஸ்கிப்' என்று பெயர். தேதிகளுக்கு அது சரி: 1, 3, 5 என்று வந்தால் நடுவில் 2 இருப்பது யாருக்கும் தெரியும். பலகாரத்துக்குச் சரிப்படாது. தேன்குழலுக்கும் அதிரசத்துக்கும் நடுவில் என்ன என்று யார் ஊகிக்க முடியும்? 'டிக்ஸ்' உள்ளே அதை 'ஃபால்ஸ்' ஆக்கு. ஆக்கினால் எல்லாப் பெயரும் வரும், சாய்ந்துகொண்டு. சாய்ந்த தமிழைச் சின்னத் திரையில் படிப்பது கஷ்டம். கொம்பும் புள்ளியும் பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

சுருக்கும்போது எழுத்து உடைவதற்குக் காரணம், நாம் எழுத்து என்று எண்ணுவது வேறு, கணினி எண்ணுவது வேறு. காரைக்குடி நமக்கு ஐந்து எழுத்து: கா, ரை, க், கு, டி. கணினிக்கு 10. க ஒன்று, துணைக்கால் ஒன்று, ர ஒன்று, ஐகாரக் குறி ஒன்று என்று தனித்தனியாக வைத்திருக்கிறது. முதல் ஐந்தை வெட்டிக் கொடு என்றால் 'காரைக' என்று கொடுக்கும். க்-இன் புள்ளி அறுந்து க ஆகிவிட்டது. சீப்புச்சீடை நமக்கு ஆறு, அதற்கு 12. எங்கே வெட்டினாலும் பாதி வாய்ப்பு தவறான இடத்தில்தான்.

வெட்டியே ஆக வேண்டும் என்றால் 'இன்டில் செக்மென்ட்டர்' பயன்படுத்து. அது முழு எழுத்தாகப் பிரித்துத் தரும். குரோமில் 2020 முதல் இருக்கிறது, ஃபயர்ஃபாக்ஸில் 2024-இல்தான் வந்தது. ஆனால் நான் வெட்டவே வேண்டாம் என்பேன். 'கைமுறு...' என்று பார்ப்பது யாருக்கு நன்றாக இருக்கும்?

இரண்டு சொல் பெயர் என்றால், ஒரே பெயருக்குப் பட்டியலாக இரண்டு வரி கொடுக்கலாம். 'வெள்ளைப்' மேலே, 'பணியாரம்' கீழே. சார்ட் ஜேஎஸ் அதை இரண்டு வரியாகவே எழுதும். வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டிவிடு, இல்லையென்றால் கீழ்வரி இகரக் குறி மேல்வரியில் இடிக்கும்.

உனக்கு உண்மையான தீர்வு தூணைப் படுக்கவைப்பதுதான். 'இண்டெக்ஸ்ஆக்சிஸ்' என்பதை 'ஒய்' ஆக்கு. பெயர்கள் இடது பக்கம் ஒன்றின்கீழ் ஒன்றாக, நேராக, முழுதாக நிற்கும். போன் உயரமானது, அகலம் குறைந்தது. அதற்கு ஏற்ற வடிவம் இதுதான். 20 பலகாரம் ஆனாலும் கீழே தள்ளிப் பார்த்துக்கொள்ளலாம்.

---

பலகாரக்கடை (காரைக்குடி) | திங்கள், காலை 9.15

படுக்கவைத்து அம்மாவிடம் காட்டினேன் அக்கா. "தூணைச் சாச்சுப்புட்டியே" என்றார்கள். பிடிக்கவில்லை. எங்கள் பாட்டி வீட்டு வளவில் பர்மா தேக்குத் தூண்கள் வரிசையாக நிற்கும். சார்ட்டை முதலில் பார்த்தபோது அதுதான் நினைவுக்கு வந்ததாம். நின்ற தூணே வேண்டும் என்கிறார்கள்.

---

தேவகோட்டை ரஸ்தா | திங்கள், காலை 9.40

பார்க்கப்போவது அம்மா. அவர்கள் சொல்கிறபடியே செய்.

அப்படியானால் போனில் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கிற மாதிரி வை. கேன்வாஸைச் சுற்றி ஒரு பெட்டி, அதன் அகலம் ஒரு தூணுக்கு 90 பிக்சல் கணக்கில். அதற்கு வெளியே தள்ளக்கூடிய இன்னொரு பெட்டி. ஐந்து பலகாரத்துக்கு 450 பிக்சல், கொஞ்சம் தள்ளினால் போதும். பெயரை இரண்டு வரியாக்கு.

உள் பெட்டிக்கு உயரமும் எழுதிவிடு, 320 பிக்சல் என்று வைத்துக்கொள். 'மெயின்டெயின்ஆஸ்பெக்ட்ரேஷியோ' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்கு. அதை 'ட்ரூ' என்று விட்டால் அகலம் உயரத்தைப்போல் இரண்டு மடங்காகவே இருக்கும், போனில் குட்டையாகிவிடும். 'ஃபால்ஸ்' ஆக்கிவிட்டுப் பெட்டிக்கு உயரம் எழுத மறந்தால், சார்ட் நீண்டுகொண்டே போகும். பெட்டி சார்ட்டைப் பார்த்து வளரும், சார்ட் பெட்டியைப் பார்த்து வளரும்.

கேன்வாஸுக்கே சி.எஸ்.எஸ்.-இல் அகலம் உயரம் எழுதாதே. பெட்டிக்கு மட்டும் எழுது. கேன்வாஸ் ஒரு படம் மாதிரி, இழுத்தால் மங்கும். எழுத்துகள் கலங்கித் தெரிவது பெரும்பாலும் இதனால்தான்.

---

கானாடுகாத்தான் | திங்கள், மதியம் 12.10

நடுவில் வருகிறேன். பழைய வீடு ஒன்றை விருந்தினர் தங்க விடுகிறோம். எனக்குக் கூகுள் சார்ட்ஸ். முதல் டேபில் உள்ள சார்ட் நன்றாக வருகிறது. இரண்டாவது டேபைத் திறந்தால் பெயர்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. ஜன்னலை இழுத்தாலும் மாறுவதில்லை.

---

தேவகோட்டை ரஸ்தா | திங்கள், மதியம் 12.25

மறைந்திருக்கும் டேபுக்குள் வரைகிறீர்கள். மறைந்த இடத்துக்கு அகலமும் இல்லை, உயரமும் இல்லை. எழுத்தின் அளவைக்கூட அங்கே அளக்க முடியாது. அதனால் எல்லாம் ஒரே இடத்தில் போய் விழுகின்றன. டேபைத் திறந்த பிறகு 'டிரா' செய்யுங்கள். ஜன்னல் அளவு மாறும்போதும் கூகுள் சார்ட்ஸ் தானாக மறுபடி வரையாது, நீங்கள்தான் மறுபடி 'டிரா' சொல்ல வேண்டும்.

---

கானாடுகாத்தான் | திங்கள், மதியம் 1.00

வந்துவிட்டது. நன்றி அம்மா.

---

பலகாரக்கடை (காரைக்குடி) | திங்கள், இரவு 9.30

அக்கா, பெட்டி முறை வேலை செய்கிறது. அம்மாவுக்கும் பிடித்துவிட்டது. ஒரு சின்ன விஷயம். ஒரு அழகான தமிழ் எழுத்துருவை வைத்தேன். பக்கம் முதலில் திறக்கும்போது சார்ட்டில் மட்டும் பழைய எழுத்து வருகிறது, மாதத்தை மாற்றினால் புதியது வருகிறது.

---

தேவகோட்டை ரஸ்தா | திங்கள், இரவு 10.00

எழுத்துரு இறங்கி முடிவதற்குள் சார்ட் வரைந்துவிடுகிறது. பக்கத்தில் உள்ள சாதாரண எழுத்து, எழுத்துரு வந்ததும் தானே மாறிக்கொள்ளும். கேன்வாஸில் வரைந்தது காய்ந்த பெயிண்ட், மறுபடி வரைந்தால்தான் மாறும். 'டாக்குமெண்ட் ஃபாண்ட்ஸ் லோட்' மூலம் அந்த எழுத்துருவைக் கேட்டு, அது வந்த பிறகு சார்ட்டை உருவாக்கு.

ஆனால் அம்மா போனில் ஏற்கெனவே நல்ல தமிழ் எழுத்துரு இருக்கும். நெட் மெதுவாக இருக்கும் நாளில் இதற்காக அவர்கள் காத்திருக்க வேண்டுமா என்று யோசி.

---

ஆத்தங்குடி | செவ்வாய், காலை 7.10

தம்பி, நிறம் என்ன வைத்திருக்கிறாய்? என் மகன் எங்கள் கல்லில் வரும் சிவப்பையும் பச்சையையும் அப்படியே எடுத்து, போன வருடத்துக்குச் சிவப்பும் இந்த வருடத்துக்குப் பச்சையுமாக வைத்தான். தரையில் அந்த இரண்டும் சேர்ந்தால் அவ்வளவு அழகு. ஆனால் எங்கள் மேஸ்திரிக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத்தான் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிந்தது. இத்தனை வருடம் நிறப் பொடியை டப்பா வைத்திருக்கும் இடத்தைப் பார்த்தே எடுத்திருக்கிறார். இப்போது அடர் நீலமும் வெளிர் மஞ்சளும் வைத்திருக்கிறோம். ஒன்று இருட்டு, ஒன்று வெளிச்சம். வெயிலில் போனைப் பிடித்தாலும் பிரித்துத் தெரிகிறது.

---

செக்காலை | செவ்வாய், காலை 8.30

நிறத்தோடு இன்னொன்றும் சொல்கிறேன். தூணின் தலையிலேயே எண்ணை எழுதிவிடுங்கள். விரலால் தொட்டால்தான் எண் வரும் என்பது நமக்குப் பழக்கம், எல்லோருக்கும் இல்லை. எண் கண்ணெதிரே இருந்திருந்தால், தூண் இல்லாவிட்டாலும் 40 என்று அம்மா படித்திருப்பார்கள்.

---

தேவகோட்டை ரஸ்தா | செவ்வாய், காலை 9.00

ஐயா சொல்வதை முதலிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். 'டேட்டாலேபிள்ஸ்' என்று தனி பிளகின் (கூடுதலாகச் சேர்க்கும் நிரல்) இருக்கிறது. சேர்த்தால் மட்டும் போதாது, 'ரெஜிஸ்டர்' செய்ய வேண்டும். உயரமான தூணின் எண் மேலே வெட்டுப்படும், அதற்கு 'ஒய்' உள்ளே 'கிரேஸ்' 10 சதவீதம் கொடு. உச்சியில் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

---

புதுவயல் | செவ்வாய், மாலை 5.20

தீபாவளி மாதம் வந்தால் என்ன செய்வது? அந்த ஒரு தூண் விண்ணை முட்டும், மற்ற 11 மாதமும் எறும்பாகிவிடும். லாக் ஸ்கேல் வைக்கலாமா?

---

செக்காலை | செவ்வாய், மாலை 6.00

வேண்டாம். லாக் அளவில் பூஜ்யமே கிடையாது. அடி இல்லாத தூண் அது. 10-க்கும் 100-க்கும் உள்ள தூரமும், 100-க்கும் 1000-க்கும் உள்ள தூரமும் அங்கே ஒன்று. கடையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது புரியாது, புரிய வேண்டிய அவசியமும் இல்லை.

தீபாவளி உயரமாக இருப்பது உண்மை. அதை அப்படியே நிற்க விடுங்கள். மற்ற மாதங்களை ஒப்பிட வேண்டுமானால், தீபாவளி இல்லாமல் இரண்டாவதாக ஒரு சார்ட் போட்டு, தலைப்பிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.

---

பலகாரக்கடை (காரைக்குடி) | வியாழன், இரவு 9.50

எல்லாம் சேர்த்துவிட்டேன். பதிப்பு எண் போட்ட லிங்க், பூஜ்யத்தில் தொடங்கும் அச்சு, கமா நீக்கிய எண்கள், விடுமுறைக்கு 'நல்', இரண்டு வரிப் பெயர்கள், தலையில் எண், அடர் நீலம். எழுத்துருவை எடுத்துவிட்டேன், போனில் இருப்பதே போதும்.

அந்த இரண்டு அக்காக்களும் திங்கட்கிழமையிலிருந்து வருகிறார்கள். வராத நாட்களுக்கான கூலியை அம்மா கையில் கொடுத்துவிட்டார்கள். ஒருவர் வாங்க மாட்டேன் என்றார், அம்மா விடவில்லை.

இன்று மாலை அம்மா பெட்டியடி நோட்டையும் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பென்சிலால் ஒவ்வொரு தூணாக டிக் போட்டார்கள். தேன்குழல் சரி, கைமுறுக்கு சரி, சீடை சரி. அதிரசத்தில் நின்றுவிட்டார்கள். "இந்தத் தூணு குட்டையா இருக்கே, இந்த மாசம் ரெண்டு கல்யாணம்ல?" நோட்டில் 71, தூணின் தலையில் 17. தங்கை ஏற்றும்போது மாற்றித் தட்டியிருக்கிறாள். இப்போதுதான் திருத்தினோம்.